தின்த்ரெட்டா, டிரெயில்பிளேசரா?

1990களின் இறுதியில், பெருகிவந்த இணையத் தகவல்களைச் சலித்தெடுக்க அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையின் முன் இரண்டு வழிகள் இருந்தன.

ஒன்று தின்த்ரெட். பில் பின்னி உள்ளிட்ட சில ஊழியர்கள் அலுவலகத்துக்குள்ளேயே உருவாக்கியது. செலவு சுமார் 30 லட்சம் டாலர். வேண்டாத தகவலைத் திரட்டும் இடத்திலேயே கழித்துவிடும். அமெரிக்கர்களின் அடையாளத்தைச் சங்கேதமாக்கிப் பூட்டிவைக்கும். நீதிமன்ற அனுமதி இருந்தால்தான் திறக்கலாம்.

அப்போதைய முகமைத் தலைவர் மைக்கேல் ஹேடன் தேர்ந்தெடுத்ததோ இன்னொன்றை: வெளி நிறுவனங்களிடம் ஒப்படைக்கும் பெரிய திட்டமான டிரெயில்பிளேசரை. (மலிவாக முடியும் வேலைக்கு எந்த அலுவலகத்தில் மரியாதை?) 2002இல் எஸ்ஏஐசி நிறுவனத்துக்கு 28 கோடி டாலர் ஒப்பந்தம். செலவு எகிறியதையும் ஆண்டுக்கணக்கில் தாமதமானதையும் 2005இல் செனட் குழுவிடம் ஹேடனே ஒப்புக்கொண்டார். 100 கோடி டாலருக்கு மேல் விழுங்கிய திட்டம் 2006இல் கைவிடப்பட்டது.

தின்த்ரெட்டைப் பேரளவில் இயக்க முடியாது என்பது ஹேடன் தரப்பு வாதம். இருக்கலாம். ஆனால் அது தோற்றிருந்தாலும் போயிருப்பது அந்த 30 லட்சம் டாலர்தான். என் ஓட்டு அதற்கே.

வீண்செலவு பற்றி 2002இல் பாதுகாப்புத் துறைத் தலைமை ஆய்வாளரிடம் புகார் கொடுத்தவர்களின் வீடுகளில், வேறொரு ரகசியக் கசிவு விசாரணையின் பேரில், 2007இல் எஃப்பிஐ சோதனை நடத்தியது.