நான்காவது பெட்டில் சீசியம் கேட்டலிஸ்ட்: ஒன்றரை வருட அனுபவம்

கந்தக அமில ஆலையில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். சல்ஃபர் டை ஆக்சைடை ட்ரை ஆக்சைடாக மாற்றும் கலன்தான் கன்வெர்ட்டர்; அதற்குள் கேட்டலிஸ்ட் (வினையூக்கி) நிரப்பிய ஒவ்வொரு அடுக்கும் ஒரு பெட். எங்கள் கன்வெர்ட்டரின் கடைசி பெட்டான நான்காவதில், சீசியம் சேர்த்த வனேடியம் கேட்டலிஸ்ட் போட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. போட்டது சரியான முடிவு, தயங்காமல் சொல்வேன்.

சாதாரண வனேடியம் பென்டாக்சைடு கேட்டலிஸ்டில் துணைக்கு இருப்பது பொட்டாசியம் உப்பு. ஓடும் சூட்டில் இரண்டும் சேர்ந்து, தாங்கியாக இருக்கும் சிலிக்காவின் நுண்துளைகளுக்குள் உருகிய நிலையில் இருக்கும். சூடு 400 டிகிரிக்குக் கீழே போனால் வனேடியம் திடமாகப் பிரிந்து படிந்துவிடும், வேலை மந்தமாகிவிடும். சீசியம் சேர்த்தால் இன்னும் குறைந்த சூட்டிலும் அது உருகியே இருக்கிறது. சல்ஃபர் டை ஆக்சைடு, ட்ரை ஆக்சைடாக மாறும்போது வெப்பம் வெளிவரும். அதனால் சூடு குறையக் குறைய சமநிலை நம் பக்கம், அதாவது ட்ரை ஆக்சைடு பக்கம், சாயும். இடையில் ஒரு முறை ட்ரை ஆக்சைடை அமிலத்தில் உறிஞ்சிய பிறகு மிஞ்சி வரும் கொஞ்ச டை ஆக்சைடை மாற்றுவதுதான் கடைசி பெட்டின் வேலை. அங்கே இந்த வித்தியாசம் அப்படியே சிம்னியில் தெரியும்.

முன்பு வாயுவை இந்த பெட்டுக்குள் 420 டிகிரியில் விட்டோம், இப்போது 390. சிம்னி அனலைசரில் சல்ஃபர் டை ஆக்சைடு பழைய அளவில் பாதிக்கும் கீழே நிற்கிறது. ஷட்டவுன் முடிந்து மறுபடி எடுக்கும்போது கடைசியாகச் சூடேறுவது இந்த பெட்தான். அது சீக்கிரம் பிடித்துக்கொள்வதால் முதல் சில மணி நேரப் பதற்றம் நன்றாகக் குறைந்துவிட்டது. இரவு ஷிஃப்ட் பையன்கள் இதற்காகவே நன்றி சொன்னார்கள்.

விலை கணிசமாக அதிகம். அதனால் எல்லா பெட்டிலும் போட வேண்டாம். முதல் பெட்டின் வெளிவாயில் 600 டிகிரியைத் தாண்டும், அந்தச் சூட்டில் சாதாரண கேட்டலிஸ்டே போதும்.

குறை ஒன்று உண்டு, அது சப்ளையர் அனுப்பிய விதத்தில். மூன்று டிரம்களில் மூடி சரியாக இறுகவில்லை. இந்தப் பொருள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். திறந்து பார்த்தால் கேட்டலிஸ்ட் வளையங்கள் விரலால் நசுக்கினாலே உதிர்ந்தன. படம் எடுத்து அனுப்பிய பிறகு மாற்றிக் கொடுத்தார்கள், சரிதான். ஆனால் ஷட்டவுனில் நான்கு நாள் போனது போனதுதான். 'சலித்தே அனுப்புகிறோம்' என்ற பேச்சையும் நம்பாதீர்கள். நாங்கள் மறுபடி சலித்தபோது நிறையவே தூள் விழுந்தது. அதை அப்படியே கொட்டியிருந்தால் பெட்டில் அழுத்த இழப்பு ஏறி, அதன் சுமை முழுவதும் வாயுவைத் தள்ளும் புளோவர் தலையில் விழுந்திருக்கும்.

அடுத்த ஷட்டவுனில் முதல் பெட்டில் வாயு நுழையும் மேலடுக்கில் மட்டும் இதைப் போடக் கேட்டிருக்கிறேன், சீக்கிரம் பற்றவைக்க உதவும். இந்த முறை ஒவ்வொரு டிரம்மையும் வந்திறங்கும் இடத்திலேயே சோதித்த பிறகுதான் கையெழுத்து என்று ஆர்டரிலேயே எழுதச் சொல்லிவிட்டேன்.