ஒன்பது குளிர்காலம் கண்ட எங்கள் செம்புத் தேவதை

மாசசூசெட்ஸில் கேப் ஆன் கடலோரம் எங்கள் வீடு. 2016 மே மாதம் கார் கொட்டகைக் கூரையின் உச்சிக் கூண்டில் ஒரு செம்பு வெதர்வேன், அதாவது சுழன்று காற்று வரும் திசையைக் காட்டும் உருவம், ஏற்றினோம். எக்காளம் ஊதியபடி குப்புறப் பறக்கும் தேவதை. எக்காள நுனியிலிருந்து பாதம்வரை 30 அங்குலம், விலை 1,100 டாலர். செம்புத் தகட்டை இரண்டு பாதியாகக் கையால் தட்டி, ஈயம் வைத்துப் பற்றவைத்தது.

சேவல், குதிரை எல்லாம் இருக்க ஏன் தேவதை? பக்கத்திலிருக்கும் நியூபரிபோர்ட் ஊரில், ஒரு மெதடிஸ்ட் தேவாலயத்து உச்சியில் 1840-ஆம் ஆண்டைச் சேர்ந்த கபிரியேல் தூதர் வெதர்வேன் இருந்தது. அதைப் பார்த்து வரைந்த ஓவியம்தான் 1965-இல் அமெரிக்காவின் 5 சென்ட் கிறிஸ்துமஸ் தபால்தலையானது. என் கணவர் தபால்தலை சேர்ப்பவர். ஆசை அங்கே தொடங்கியது.

தேவதை வடிவம் வாங்குகிறவர்கள் அழகைவிட முதலில் கவனிக்க வேண்டியது சுழலும் அச்சு எங்கே இருக்கிறது என்பதை. அச்சின் இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்க வேண்டும், ஆனால் காற்று மோதும் பரப்பு பின்பக்கம் அதிகமாக இருக்க வேண்டும். அப்போதுதான் வாலைக் காற்று தள்ள, முகம் காற்று வரும் திசைக்குத் திரும்பும். சேவலுக்கு இது எளிது, வாலே பெரிது. தேவதைக்கு இறக்கை இருக்கிறதே! நாங்கள் முதலில் பார்த்து மயங்கிய ஒன்றில் விரித்த இறக்கைகள் அச்சுக்கு முன்னால் நின்றன. கடையில் மின்விசிறி முன் வைத்தபோது அது பக்கவாட்டில் தடுமாறி நின்றுவிட்டது. எங்களுடையதில் இறக்கையும் அங்கியின் மடிப்பும் பின்னால் போகின்றன, முன்னால் மெல்லிய எக்காளம் மட்டும். எடைக்காகத் தலைக்குள் கொஞ்சம் ஈயம் வைத்திருக்கிறார்கள். இலை அசையும் காற்றுக்கே திரும்பும்.

பொருத்தியவர் காம்பஸ் வைத்து வ, கி, தெ, மே எழுத்துகளை நிறுத்திவிட்டுப் போனார். இந்தப் பகுதியில் காம்பஸ் முள் உண்மையான வடக்கிலிருந்து சுமார் 14 டிகிரி மேற்கே விலகி நிற்கும். அதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு மாதம் கழித்து ஓர் இரவு துருவ நட்சத்திரத்தைப் பார்த்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது, மறுபடி ஏணி வைக்க வேண்டியதாயிற்று.

அப்புறம் நிறம். பெட்டியைத் திறந்தபோது புதுக் குடம்போல் மின்னியது. சில வாரத்தில் மங்கி, இரண்டாம் ஆண்டில் கரும்பழுப்பு. ஊரிலிருந்து வந்த அம்மா அண்ணாந்து பார்த்து, "புளி போட்டுத் தேய்ச்சா பளிச்சுனு ஆயிடுமே" என்றார். பூஜைச் செம்பை அப்படித்தானே வைத்திருக்கிறோம். ஆனால் இதைத் தேய்க்கவே கூடாது. மேலே படியும் அந்தப் படலம்தான் உள்ளே இருக்கும் செம்பை மழையிலிருந்து காக்கிறது. உப்புக் காற்றால் ஆறாம் ஆண்டிலேயே இறக்கை நுனிகளில் பச்சைக் களிம்பு வந்துவிட்டது. இப்போது அங்கி மடிப்புகளில் பச்சை, கன்னத்தில் பழுப்பு. புதிதாக இருந்ததைவிட இப்போதுதான் எனக்கு அழகாகத் தெரிகிறது. பளபளப்பே வேண்டும் என்பவர்கள் தொடக்கத்திலேயே தங்க ரேக்கு ஒட்டியதை வாங்குங்கள். பாஸ்டன் ஃபேனுவில் ஹால் உச்சியில் ஷெம் டிரவுன் 1742-இல் செய்த வெட்டுக்கிளி அப்படித்தான் மின்னுகிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். எழுத்துகளை இறுக்கும் திருகுகள் சாதாரண இரும்பு. ஈரத்தில் செம்போடு சேர்ந்த இரும்பு வேகமாக அரிக்கும், அதுவும் கடலோரத்தில். இரண்டாம் குளிர்காலத்தில் துருப்பிடித்துத் தளர்ந்து, வடக்கு தெற்கானது. விற்றவர்களுக்கு இரண்டு முறை எழுதியும் பதில் இல்லை. 1,100 டாலர் வாங்கிக்கொண்டு சில காசுத் திருகில் மிச்சம் பிடித்ததை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. துருப்பிடிக்காத எஃகுத் திருகு நாங்களே வாங்கிப் போட்டோம். கூண்டின் வெள்ளைப் பெயின்டில் பச்சைக் கறை வழிகிறது, கூண்டுக்கும் செம்புக் கூரை போட்டிருந்தால் தெரிந்திருக்காது. உறைமழை பெய்தால் பனி உருகும்வரை அப்படியே சிக்கி நிற்கும், அதற்கு வழியில்லை. கிரீச் சத்தம் கேட்டால் அச்சில் கிரீஸ் வையுங்கள், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போதும்.

2018 மார்ச்சில் இந்தக் கடற்கரையை வடகிழக்குக் காற்றோடு வரும் நார்ஈஸ்டர் புயல்கள் நான்கு அடுத்தடுத்துத் தாக்கின. முதல் புயலில் எக்காளம் இரவெல்லாம் வடகிழக்கையே பார்த்து அதிர்ந்துகொண்டிருந்தது, நாங்களும் தூங்கவில்லை. விடிந்து பார்த்தால் பக்கத்து வீட்டு வேலி இல்லை, தேவதை இருந்தது. பற்றவைத்த இடத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

கோடையில் வேறு மாதிரி. காலையில் மேற்கைப் பார்த்து நிற்கும், நிலம் சூடேறி மதியம் கடற்காற்று நுழைந்ததும் மெல்லக் கிழக்கே திரும்பும். வாடை, கொண்டல், தென்றல், கோடை என்று நான்கு காற்றின் பெயரையும் என் மகள் இதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டாள். பள்ளியிலிருந்து வந்ததும் பையைக் கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, "அம்மா, கொண்டல் வந்துடுச்சு" என்று கத்துவாள்.