வீசி ஆடுவதா, பொறுத்து ஆடுவதா? ஒயிட் சாக்ஸ் முன் இருக்கும் இரண்டு வழிகள்

அமெரிக்க பேஸ்பால் அணியான சிகாகோ ஒயிட் சாக்ஸ் 2023-ல் 101 ஆட்டங்களில் தோற்றது. 2024-ல் 121 தோல்வி. 162 ஆட்டங்களில் மொத்தமே 507 ரன். பேட்டிங் இவ்வளவு படுத்துவிட்ட அணி எந்த வழியில் எழ வேண்டும்: வரும் பந்துக்கெல்லாம் மட்டையை வீசியா, நல்ல பந்துக்காகப் பொறுத்திருந்தா?

வீசி ஆடுவதற்கு ஆதரவாக எல்லோரும் காட்டுவது 2015 கான்சாஸ் சிட்டி ராயல்ஸை. அவர்கள் வாக் (அடிக்கும் எல்லைக்கு வெளியே போகும் நான்கு பந்துகளை விட்டுவிட்டு இலவசமாக முதல் பேஸுக்குப் போவது) வாங்குவதில் அக்கறை காட்டவில்லை, ஆனாலும் சாம்பியனைத் தீர்மானிக்கும் வேர்ல்ட் சீரிஸை வென்றார்கள். காரணம், வீசினால் பந்து மட்டையில் பட்டது. அந்த ஆண்டு மிகக் குறைவாக ஸ்ட்ரைக்-அவுட் (வீசித் தவறியோ, எல்லைக்குள் வந்ததை விட்டோ மூன்று ஸ்ட்ரைக் வாங்கி அவுட் ஆவது) ஆன அணி அதுதான்: 973. வேகமான ஓட்டமும் அருமையான ஃபீல்டிங்கும் கைகொடுத்தன.

ஒயிட் சாக்ஸிடம் அந்தக் கை இல்லை. லூயிஸ் ராபர்ட் 2023-ல் 38 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தார், பிரமாதம். ஆனால் 172 ஸ்ட்ரைக்-அவுட், வெறும் 30 வாக். டிம் ஆண்டர்சன் 2019-ல் .335 பேட்டிங் சராசரியுடன் ஒயிட் சாக்ஸ் ஆடும் அமெரிக்கன் லீகில் முதலிடம் பிடித்தபோது சீசன் முழுக்க வாங்கிய வாக் 15தான். கை வேகம் இருந்தவரை அது போதுமானதாக இருந்தது. 2023-ல் சராசரி .245-க்கு இறங்கியதும், பேஸுக்குப் போக அவருக்கு வேறு வழியே இல்லாமல் போயிற்று.

எதிர்ப்பக்கம், பொறுத்து ஆடும் பேட்டர் ஹுவான் சோட்டோவைப் பாருங்கள். 2021-ல் 145 வாக், 93 ஸ்ட்ரைக்-அவுட், சராசரி .313. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை விடத் தெரிந்த டெஸ்ட் பேட்ஸ்மேன் மாதிரி அவர். வெளியே வளைந்தோடும் ஸ்லைடரை இரண்டு முறை தொடாமல் விட்டுவிட்டால் பந்து போடும் பிட்சருக்குத்தான் நெருக்கடி. மூன்று பால் (எல்லைக்கு வெளியே போனவை), ஒரு ஸ்ட்ரைக் என்றானதும், அடுத்த பால் வாக் ஆகிவிடும் என்பதால், பிட்சர் பெரும்பாலும் பேட்டர் அருகிலுள்ள பிளேட்டுக்கு நேராக ஃபாஸ்ட்பால் போட்டாக வேண்டும். பொறுமையின் பலன் வாக் மட்டுமல்ல, அடிக்கத் தோதான அந்தப் பந்தும்தான். அதை ராபர்ட் போன்ற பலசாலி சந்தித்தால் என்ன ஆகும்!

இந்த வழியிலும் இழப்பு உண்டு. ஓரத்தில் விழும் மூன்றாவது ஸ்ட்ரைக்கை வேடிக்கை பார்த்து அவுட் ஆவார்கள், ரசிகர்கள் கத்துவார்கள். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய சிக்கல் வேறு: ஏறக்குறைய 0.4 விநாடியில் வந்துவிடும் பந்தில் எதை விடுவது என்று முடிவெடுக்கும் கண்ணை, லீகுக்கு வந்த பிறகு கற்றுக்கொடுப்பது கடினம்.

அதனால் என் தேர்வு பொறுத்து ஆடுவதுதான், ஆனால் பயிற்சியாளரை மாற்றி அதை வரவழைக்க முடியாது. டிராஃப்டில் (அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) ஆள் எடுக்கும்போதே ஹோம் ரன் கணக்குக்கு முன்னால் வாக், ஸ்ட்ரைக்-அவுட் கணக்கைப் பார்க்க வேண்டும்.