சர்வர் பேக்கப் வாங்கும் சிறு நிறுவனங்களுக்கு: பணம் கொடுப்பதற்கு முன் ரீஸ்டோர் செய்து காட்டச் சொல்லுங்கள்

திருப்பூரில் உள்ள நடுத்தர அளவிலான ஓர் ஆயத்த ஆடை ஏற்றுமதி நிறுவனத்தில் கணினிப் பிரிவைக் கவனித்து வருகிறேன். பேக்கப், பேரிடர் மீட்பு இரண்டையும் சேர்த்து ஆண்டுக் கட்டணத்தில் தருவதாகச் சொல்லி எங்களிடம் ஒப்பந்தம் போட்ட ஒரு விற்பனையாளர், பில்லில் எழுதிய சேவையைத் தராமலேயே பணம் வாங்கி வந்தார் என்பது, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் எங்கள் சர்வர்களை முடக்கிய பிறகுதான் வெளிப்பட்டது. வழக்கறிஞர் மூலம் கடிதப் போக்குவரத்து நடப்பதால் அவருடைய பெயரைக் குறிப்பிடவில்லை. ஆனால் அவர் கொடுத்தது போன்ற கொட்டேஷன்களை இந்த வட்டாரத்தில் வேறு சிலரும் கொடுத்து வருவதால், நடந்ததை விரிவாக எழுதுகிறேன்.

கொட்டேஷனில் முக்கியமாக மூன்று வாக்குறுதிகள் இருந்தன: அலுவலகத்திலேயே நாஸ் பெட்டியில் (நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புச் சாதனம்) அன்றாட பேக்கப், 30 நாள் பழைய பதிப்புகளோடு கிளவுடில் இரண்டாவது பிரதி, 4 மணி நேரத்தில் மீட்பு. அன்றாடம் காலையில் எல்லா வேலையும் வெற்றி என்று பச்சை நிறத்தில் ஓர் அறிக்கை மின்னஞ்சலில் வந்துவிடும்.

தாக்குதலுக்குப் பின் பார்த்தபோது, அவர்கள் நிறுவிய நாஸ் பெட்டி எங்கள் கணினிகளை எல்லாம் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் விண்டோஸ் டொமைனிலேயே சேர்க்கப்பட்டு, சர்வர்களுக்குரிய அதே அட்மின் கணக்கில் இயங்கியது தெரிந்தது. டொமைன் அட்மின் உரிமையைக் கைப்பற்றியவனுக்கு பேக்கப்பை அழிக்கத் தனியாக எந்த முயற்சியும் தேவைப்படவில்லை. கிளவுட் பிரதி என்று விற்கப்பட்டது நாஸ் கோப்புறையின் வெறும் சிங்க், அதாவது இங்கே மாறுவது அங்கேயும் அப்படியே மாறும் நகல். பூட்டப்பட்ட கோப்புகள் அன்றிரவே மேலேறி, அங்கிருந்த நல்ல கோப்புகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. பழைய பதிப்புகளைக் கேட்டபோது, சேமிப்புச் செலவு கூடும் என்பதால் அந்த வசதியை நிறுத்தி வைத்திருந்ததாகப் பதில் வந்தது. ஆனால் 30 நாள் பதிப்புகளுக்கான கட்டணம் ஒவ்வொரு பில்லிலும் தனி வரியாக இருக்கிறது. இதை அலட்சியம் என்று சொல்லிக் கடந்துவிட முடியவில்லை.

4 மணி நேர மீட்பின் கதை இன்னும் மோசம். கொட்டேஷனில் மீட்பு என்று இருந்தது, ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் 4 மணி நேரத்துக்குள் பொறியாளர் தொடர்புகொள்வார் என்று மாறியிருந்தது. எங்களிடம் இருந்த தரவு சுமார் 2 டெராபைட், இணைய இணைப்பு 50 எம்பிபிஎஸ். முழு வேகம் தடையின்றிக் கிடைத்தாலும் அவ்வளவையும் கிளவுடிலிருந்து இறக்க மூன்றரை நாளுக்கு மேல் ஆகும். இந்தக் கணக்கைப் போட ஐந்து நிமிடம் போதும் என்பதால், அந்த வாக்குறுதி நிறைவேறாது என்பது விற்றவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

விற்பனையாளரின் அலுவலகத்தில் எங்கள் சர்வரின் ஒரு பழைய விர்ச்சுவல் மெஷின் (மென்பொருளாக இயங்கும் கணினி) நகல் கிடைத்தது. அதில் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வரின் தரவுக் கோப்பும், மாற்றங்களைப் பதியும் லாக் கோப்பும் வெவ்வேறு நேரத்தில் நகலெடுக்கப்பட்டிருந்ததால் டேட்டாபேஸ் திறக்கவே இல்லை. அந்த நகலுக்கும் பச்சை அறிக்கை வந்திருக்கிறது. விற்பனைப் பட்டியல்களை ஜிஎஸ்டி தளத்தில் இருந்த ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை அறிக்கை விவரங்களிலிருந்தும், ஷிப்பிங் பில்களை சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்திலிருந்தும் ஓரளவு திரட்டினோம். சாயப்பட்டறைக்கு அனுப்பிய துணியின் கணக்குக்கு அப்படி வேறு இடத்தில் பிரதி ஏதுமில்லை. டெலிவரி சலான் கட்டுகளைப் பிரித்து மறுபடியும் தட்டச்சு செய்ய வேண்டியதாயிற்று.

இத்தனைக்கும் நடுவில், எங்கும் புகார் கொடுக்காதீர்கள், பெயர் கெட்டுவிடும் என்று விற்பனையாளர் அறிவுரை கூறினார். இத்தகைய தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தனக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது, இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 28.04.2022 அன்று வெளியிட்ட உத்தரவு. யாருடைய பெயரைக் காப்பாற்ற அந்த அறிவுரை சொல்லப்பட்டது என்பது எங்களுக்குப் புரிந்தது. நாங்கள் தெரிவித்துவிட்டோம்.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் கிளவுட் ரான்சம்வேருக்கு உள்ளானபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அரசு மின்னஞ்சல்கள், அந்தக் காலத்துக்கு மீட்கத்தக்க பேக்கப் இல்லாததால் இழக்கப்பட்டன. 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தின் முதன்மை டேட்டாபேஸ் தவறுதலாக அழிக்கப்பட்டபோது, மென்பொருள் பதிப்புப் பொருத்தமின்மையால் அன்றாட பேக்கப் தோல்வியடைந்து வந்ததும், தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்கள் நிராகரிக்கப்பட்டு யார் கைக்கும் சேராமல் போனதும் தெரியவந்தன. வேறொரு காரணத்துக்காக ஒருவர் ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்திருந்த ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து நிலையின் நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. தங்களுக்கு நேர்ந்ததை அவர்கள் ஒளிக்காமல் எழுதி வெளியிட்டார்கள். எங்கள் விற்பனையாளரிடம் அந்த நேர்மையில் கால் பங்குகூட இல்லை.

எந்த மென்பொருள் நல்லது என்று பலர் கேட்கிறார்கள். வீம் ஆனாலும், இலவசமாகக் கிடைக்கும் பிராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் ஆனாலும், ஒழுங்காக அமைத்தால் எங்களைப் போன்ற அலுவலகத்துக்குப் போதும். பேக்கப் பெட்டி டொமைனுக்கு வெளியே, தனிக் கடவுச்சொல்லுடன் இருக்க வேண்டும். கிளவுடில், குறித்த கெடு வரை பிரதியை அழிக்க விடாத ஆப்ஜெக்ட் லாக் வசதியை கம்ப்ளையன்ஸ் முறையில் கேளுங்கள். அதில் கெடு முடியும்வரை கணக்கின் உரிமையாளரே நினைத்தாலும் அழிக்க முடியாது. கவர்னன்ஸ் முறையில் போட்டுவிட்டுப் பூட்டியாயிற்று என்பார்கள், அதைத் தனி உரிமை உள்ளவர் திறந்துவிடலாம். பேக்கப்பைப் பூட்டித் திறக்கும் என்க்ரிப்ஷன் சாவியின் ஒரு பிரதி உங்கள் பெட்டகத்தில் இருக்கட்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, வேறொரு சர்வரில் டேட்டாபேஸை ரீஸ்டோர் செய்து, அது பழுதில்லாமல் இருக்கிறதா என்று சோதிக்கும் டிபிசிசி செக்டிபி கட்டளையை ஓட்டி, உங்கள் கணக்காளர் நேற்றைய பில் ஒன்றைத் திறந்து பார்த்த பிறகே முதல் தவணையைக் கொடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதையே செய்து காட்ட வேண்டும் என்பதையும், எத்தனை மணி நேரத்தில் எந்த சர்வர் இயங்க வேண்டும் என்பதையும், தவறினால் எவ்வளவு பிடித்தம் என்பதையும் பின்னிணைப்பில் எழுதி வாங்குங்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். வணிக நோக்கத்துக்காகப் பெறும் சேவையை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொதுவாக விலக்கி வைத்திருப்பதால், எங்களுக்கு உரிமையியல் நீதிமன்றம்தான் வழி என்றார் வழக்கறிஞர். அதற்குக் கொட்டேஷன், பில்கள், அந்தப் பச்சை அறிக்கைகள் எல்லாவற்றையும் அச்செடுத்துக் கொடுத்திருக்கிறோம். எங்கள் நோட்டீசுக்கு விற்பனையாளர் அனுப்பிய பதிலில், பொறியாளர் 4 மணி நேரத்துக்குள் தொலைபேசியில் அழைத்துவிட்டார், எனவே ஒப்பந்தம் மீறப்படவில்லை என்று எழுதியிருக்கிறார். 30 நாள் பதிப்புக் கட்டணத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.