டைமரா, சென்சாரா? கேரவனுக்கு நான் மாற்றிய பிரேக் கண்ட்ரோலர்

காருக்குப் பின்னால் நாங்கள் இழுத்துப் போகும் கேரவன் ட்ரெய்லர் ஒற்றை அச்சு. சாமான் ஏற்றினால் 900 கிலோவைத் தொடும். அதற்கு மின்சார பிரேக் வைத்தபோது விலையைப் பார்த்து டைமர் வகை கண்ட்ரோலரைப் பொருத்தினேன். எட்டு மாதம் ஓட்டிவிட்டு, சென்சார் வகைக்கு மாறினேன். நம் பக்கத்துச் சாலைகளுக்கு சென்சார்தான் என்பது என் கட்சி.

இரண்டுக்கும் வேலை ஒன்றுதான். பிரேக்கை மிதித்ததும் ட்ரெய்லர் சக்கரத்தின் டிரம்முக்குள் இருக்கும் மேக்னட்டுக்கு மின்சாரம் அனுப்ப வேண்டும். மேக்னட் சுழலும் டிரம்மைப் பற்றிக்கொண்டு இழுபடும்போது லீவர் நகர்ந்து, டிரம்மை உரசி நிறுத்தும் பிரேக் ஷூவை விரிக்கும். எவ்வளவு மின்சாரம் அனுப்புவது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. டைமர் வகைக்குத் தெரிவது பிரேக் லைட் எரிந்தது மட்டுமே. எரிந்த நொடியிலிருந்து, நாம் வைத்த அளவு வரை, நாம் வைத்த வேகத்தில் மின்சாரத்தை ஏற்றிக்கொண்டே போகும். மெதுவாக மிதித்தாலும் ஏறி மிதித்தாலும் அதற்கு ஒன்றுதான். சென்சார் வகையோ வண்டியின் வேகம் எவ்வளவு சட்டென்று குறைகிறது என்று பார்த்து, அதற்கேற்ப அனுப்பும்.

படிக்கும்போது இது சின்ன விஷயமாகத்தான் தெரிந்தது. புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு ஒருமுறை இழுத்துப் போனபோதுதான் உறைத்தது. அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் என்று வேகத்தடையும் இரும்புத் தடுப்பும் மாறி மாறி வரும். வேகத்தடைக்காகக் காலை லேசாக வைத்து இரண்டு நொடி பிடித்தால், ட்ரெய்லர் பின்னாலிருந்து வெடுக்கென்று இழுக்கும். பின்சீட்டில் அம்மாவுக்குக் கழுத்து வலியே வந்துவிட்டது. சரி என்று கெயினை, அதாவது எவ்வளவு மின்சாரம் வரை போகலாம் என்று நாம் வைக்கும் அளவை, குறைத்தேன். அப்புறம் கன்னியக்கோயில் அருகே முன்னால் போன பேருந்து திடீரென்று நின்றது. நான் முழுக்க மிதித்தும் ட்ரெய்லரின் பிரேக் பிடிக்கவே நேரமெடுத்தது, பிடித்தபோதும் பலமில்லை. ட்ரெய்லரின் பாரம் முழுவதும் வண்டியை முன்னால் தள்ளியது. ஒரு முழம் இடைவெளியில் நின்றோம். கெயினைக் கூட்டினால் வேகத்தடையில் உதை, குறைத்தால் அவசரத்தில் கைவிடும். இரண்டுக்கும் பொருந்துகிற ஒரு அளவு அந்த வகையில் எனக்குக் கிடைக்கவே இல்லை. நூறு மைல் நிற்காமல் ஓடும் நெடுஞ்சாலைக்கு அது போதுமாக இருக்கலாம். பத்து நிமிடத்தில் இருபது முறை பிரேக் தொடும் சாலைக்கு அது ஆகாது.

இப்போது இருப்பது டெகோன்ஷா பிராடிஜி பி3 என்ற சென்சார் வகை கண்ட்ரோலர். மெல்ல மிதித்தால் ட்ரெய்லரும் மெல்ல நிற்கிறது, அழுத்தினால் அழுத்தமாக நிற்கிறது. வெற்றுச் சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டரில் ஓட்டி, சக்கரம் பூட்டிக்கொள்ளாத அளவுக்குக் கெயினை ஒருமுறை வைத்தேன். தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்கும் நாளில் மட்டும் கொஞ்சம் கூட்டுவேன்.

டைமருக்கும் நியாயம் சொல்ல வேண்டும். விலை ஏறக்குறைய பாதி. டாஷ்போர்டில் எந்தக் கோணத்திலும் வைக்கலாம். பழைய ஊசல் வகை சென்சார்களை மட்டம் பார்த்துத்தான் பொருத்த வேண்டும். பி3-க்கு அந்தத் தொல்லை குறைவு. எப்போதோ ஒருமுறை இழுக்கிற லேசான ட்ரெய்லர் என்றால் டைமரே போதும். ட்ரெய்லர் இடமும் வலமுமாக வாலாட்டினால் அதன் பிரேக்கை மட்டும் கையால் பிடிக்கிற லீவர் இரண்டிலும் உண்டு.

வயரிங்கும் இரண்டுக்கும் ஒன்றே: கறுப்பு பேட்டரிக்கு, வெள்ளை எர்த்துக்கு, சிவப்பு பிரேக் லைட் சுவிட்சுக்கு, நீலம் ட்ரெய்லர் மேக்னட்டுக்கு. ஒரு மேக்னட் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும் என்பதால் நீல வயரைத் தடிமனாகவே போடச் சொல்லுங்கள். கடற்காற்றில் பிளக்கின் பின்கள் பச்சை பூத்துவிடும். எர்த் கெட்டால் எந்தக் கண்ட்ரோலரும் பிரேக் பிடிக்காது. மாதம் ஒருமுறை கழற்றித் துடைக்கிறேன்.

மலையைப் பற்றி என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. இதுவரை நான் ட்ரெய்லரோடு ஏறிய மேடு கடலூர் கேப்பர் மலை ஒன்றுதான். தை பிறந்ததும் ஏற்காடு போவதாக இருக்கிறோம். இறங்கும்போது டிரம் எவ்வளவு சூடாகிறது என்று வளைவுக்கு வளைவு நிறுத்திப் பார்க்கப்போகிறேன்.