மண்புழு எரு ஒரு பை, கூட்டெரு ஒரு சாக்கு: வெள்ளவத்தை வளவொன்றில் ஆறு மாதங்கள்

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் குடியிருப்போர் மண் என்று சொல்லிக்கொள்வது, பெரும்பாலும் கடற்கரை மணலும் பழைய வீட்டை இடித்தபோது மிஞ்சிய சீமெந்துக் கட்டிகளும் ஓட்டுத் துண்டுகளும் கலந்த ஒன்றைத்தான். எங்கள் வளவில் மதிலுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே நான்கடி அகலத்தில் கிடக்கும் நிலமும் அத்தகையதே. காலையில் ஊற்றிய நீர் பத்து மணிக்குள் இருந்த இடம் தெரியாமற் போய்விடும். கறிவேப்பிலைக் கன்றின் தளிர்கள் நரம்பு மட்டும் பச்சையாகவும் எஞ்சிய பகுதி வெளிறியும் நின்றன. சீமெந்திலுள்ள சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கிவிடுவதால், மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் அதை வேர் எடுக்க முடியாமற்போவதன் அடையாளம் அது. இந்த நிலத்தைத் திருத்தவென மாசி மாதத்தில் இரண்டு பொருட்களை வாங்கினேன். ஒன்று, தெஹிவளைப் பக்கத்தில் வீட்டுக் கொட்டிலிலேயே மண்புழு வளர்க்கும் ஒரு குடும்பத்தார் விற்கும் ஐந்து கிலோ மண்புழு எரு. மற்றையது, வீதியோர நாற்றுமேடை ஒன்றில் வாங்கிய இருபத்தைந்து கிலோ கூட்டெரு. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் முன்னதன் விலை பின்னதைப் போல நான்கு மடங்கு.

2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்து, நவம்பரில் அது கைவிடப்படும்வரை, கறுப்பாக இருந்த எதுவும் சேதனப் பசளை என்ற பெயரில் விலைபோனதைக் கண்ணால் கண்டவன் நான். ஆகவே வாங்கிய இரண்டையும் நிலத்தில் இடுவதற்கு முன் குசினி அரிதட்டில் இட்டுப் பார்த்தேன். (அரிதட்டு இப்போது குசினிக்குத் திரும்ப அனுமதிக்கப்படுவதில்லை.)

மண்புழு எரு அரிதட்டில் ஏறக்குறைய முழுவதுமாக இறங்கியது. உள்ளங்கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால், கடுகிலும் சிறிய நீள்உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடந்தன. புழுவின் குடலைக் கடந்து வந்ததற்கு இந்த உருவமே சான்று. முதல் மழையில் நனைந்த தரையின் மணத்தைத் தவிர வேறு வாடை இல்லை. இடையிடையே தேசிக்காயைச் சிறிதாக்கியது போன்ற மஞ்சள் நிறக் கூடுகள் நான்கைந்து தென்பட்டன. அவை புழுவின் முட்டைக்கூடுகள். பொருள் வெயிலில் காய்ந்து செத்துப்போகவில்லை என்பதற்கு அவை போதுமான அத்தாட்சி. பின்னர் அதை இட்ட சாடிகளில் நான் விதைக்காத தக்காளியும் பப்பாசியும் முளைத்தபோது முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் சூடேறிப் பதப்படும் கூட்டெருக் குவியலில் விதைகள் அவிந்துவிடும், புழுத்தொட்டியில் அந்தச் சூடு எழுவதில்லை, ஆதலால் இதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். குசினிக் கழிவைப் புழு தின்றே இந்த எரு உண்டானது என்பதைத்தான் அந்த நாற்றுகள் காட்டின.

கூட்டெருவின் கதை வேறு. சாக்கை அவிழ்த்ததும் புளித்த வாடை. கையை உள்ளே விட்டால் வெதுவெதுப்பு. அரிதட்டில் மிஞ்சியவை: விரல்நீளக் குச்சிகள், பொலித்தீன் நறுக்குகள், ஒரு பற்பசை மூடி, கண்ணாடித் துண்டுகள் மூன்று. ஒரு பிடியை நனைத்து, பொலித்தீன் பையில் இறுகக் கட்டி, நான்கு நாள் வைத்துத் திறந்தபோது அடித்த நாற்றம், இது இன்னும் உக்கி முடியாத பொருள் என்பதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது. இப்படிப்பட்டதை அவசரப்பட்டு இட்டால், அதை உக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் பயிருக்குரிய நைதரசனையே எடுத்துக்கொள்ள, செடி மஞ்சளித்து நிற்கும். கண்ணாடியைப் பொறுக்கி எறிந்துவிட்டு, சாக்கை நிழலில் வைத்து, வாரத்துக்கு ஒருமுறை கிளறி, ஆறு வாரம் கழித்தே பயன்படுத்தினேன். அதன் பிறகு அது நல்ல கூட்டெருதான். ஆனால் அந்த ஆறு வார வேலையைச் செய்தவன் விற்றவர் அல்லர், நான்.

மண்புழு எருப் பையில், மண்ணுக்குப் பதிலாக இதை மட்டுமே இட்டும் செடி வளர்க்கலாம் என்று அச்சிட்டிருந்தார்கள். நம்பி ஒரு சாடியை அதனாலேயே நிரப்பிப் பச்சைமிளகாய் நாற்று வைத்தேன். இரண்டு மழைக்குப் பின் அது களிபோல் இறுகி, மேலே நீர் தேங்கி, நாற்று அடித்தண்டில் அழுகியது. அடுத்த சாடியில் மணல்மண் மூன்று பங்கு, பதப்பட்ட கூட்டெரு இரண்டு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு, மண்புழு எரு ஒரு பங்கு என்று கலந்தேன். அங்கே வைத்த நாற்று ஆனியில் காய்க்கத் தொடங்கி இன்னும் ஓயவில்லை. கறிவேப்பிலைக்கு நிலத்தில் கூட்டெருவைத் தாராளமாகக் கொத்திக் கலந்து, மண்புழு எருவை மாதம் இரு கைப்பிடி மட்டுமே வேரோரம் தூவி வந்தேன். பழைய இலைகள் அப்படியே இருக்க, புதிதாக வந்தவை முழுப் பச்சையாக வந்தன. நீரைப் பிடித்துவைத்து மண்ணுக்கு உடல் கொடுப்பது கூட்டெரு. அந்த வேலையை மண்புழு எருவைக் கொண்டு செய்விக்க முயல்வது, பெருங்காயத்தைக் கொண்டு சாம்பாரைக் கெட்டியாக்க முயல்வதற்கு ஒப்பானது. பையில் உள்ள அந்த வாசகத்தை அவர்கள் நீக்கிவிட வேண்டும்.

இன்னொரு முறைப்பாடும் உண்டு. ஒரு கிலோ மண்புழு எருவைப் பத்திரிகைத் தாளில் பரப்பி, நிழலில் இரண்டு நாள் உலரவிட்டு நிறுத்தபோது தராசு 560 கிராம் காட்டியது. ஈரம் இருக்கத்தான் வேண்டும். முற்றாகக் காய்ந்தால் உள்ளிருக்கும் உயிர்கள் மடிவதோடு, எருவும் மீண்டும் நீரைப் பிடிக்காத பொருக்காகிவிடும். எனினும் நீரை எரு விலைக்கு வாங்குவது கசப்பாகவே இருந்தது. இதைத் தொலைபேசியில் சொன்னபோது, அந்த வீட்டு அக்கா கோபப்படவில்லை. "ஈரத்தைக் குறைச்சால் புழுக்கூடு சாகும் தம்பி, நிறுக்காமல் வாளியால் அளந்து தரட்டோ?" என்று கேட்டார். வைகாசியில் வந்த இரண்டாவது கொள்வனவு வாளிக் கணக்கில்தான் வந்தது; விலையும் சற்றுக் குறைந்திருந்தது. பழைய பையைத் திருப்பிக் கொடுத்ததற்கு ஐம்பது ரூபாய் கழித்தார்கள். நாற்றுமேடைக்காரரிடம் கண்ணாடித் துண்டுகளைக் காட்டியபோது, கொழும்புக் கூட்டெரு என்றால் அப்படித்தான் இருக்கும் என்றார். அடுத்த சாக்கை நான் அங்கே வாங்கவில்லை.