அலாரம் வைத்த மாத்திரைப் பெட்டி: பக்கவாதத்துக்குப் பிறகு எவ்வளவு உதவும்?

வாரத்துக்கு 28 அறைகள், நாளுக்கு நான்கு அலாரம். பக்கவாதத்துக்குப் பின் ஞாபகமும் கவனமும் தடுமாறுகிறவர்களுக்கு நல்ல துணைதான். ஆனால் வாங்கியபடியே கையில் கொடுத்தால் பாதிப் பயன்கூடக் கிடைக்காது.

பெரிய சிக்கல் இடப்பக்கம். மூளையின் வலப்பாதி பாதிக்கப்பட்ட பலருக்கு, பார்வை சரியாக இருந்தாலும், இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே கவனத்தில் வராது. வலக்கோடி அறைகள் காலியாகும். இடக்கோடியில் காலை மாத்திரை அப்படியே கிடக்கும். பெட்டியின் இட ஓரத்தில் தடித்த சிவப்பு டேப் ஒட்டி, 'சிவப்பைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்' என்று தினமும் பழக்குங்கள். பெட்டியை நெட்டுக்குத்தாகத் திருப்பி வைப்பதும் கைகொடுக்கும்.

மூடி இறுக்கம், ஒற்றைக் கையால் திறந்தால் பெட்டியே நகர்கிறது. அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு அவசியம். அலாரம் ஒரு நிமிடத்தில் தானாக அடங்கிவிடுவது மோசமான வடிவமைப்பு: எழுந்து வருவதற்குள் எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோகும். மூடி திறக்கும்வரை, மெல்லிய ஒலியில் விட்டுவிட்டு அடிக்கும் வகையே மேல்.

மாத்திரை மிஞ்சினால் மறதி என்றே முடிவுகட்டாதீர்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அலாரம் கேட்டும் எழ மனமில்லை என்றால், அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒலியைக் கூட்டிப் பயனில்லை.